ஐம்பத்தோராவது பயனர்

நவம்பர், செவ்வாய்க்கிழமை. வுப்பர்ட்டாலில் மழை,
அது செய்தியல்ல.
செய்தி கடித உறைக்குள் வந்தது:
எங்கள் மென்பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள்,
முப்பது நாளில் தணிக்கைக்குக் காட்டுங்கள்.
கீழே, "நட்பான வணக்கங்களுடன்."
இந்த ஊரில் வழக்குப் போடுகிறவரும்
அப்படித்தான் கையெழுத்திடுவார்.

ஹோல்ஷர் கதவைச் சாத்தினார்.
கதவுக்குக் கீல் செய்து விற்கும் கம்பெனியின் முதலாளி;
அவர் அறைக் கதவு மட்டும் கிறீச்சிடும்.
"பெயின்ட் பிரிவுக் கணினியில் இருப்பதை
இன்று ராத்திரியே எடுத்துவிடு, யோகமலர்."
என் பெயரை முழுசாகச் சொன்னால்
அவருக்குப் பயம் என்று அர்த்தம்.

எடுக்கலாம்.
எடுத்த இடத்தில் எடுத்த தேதி
உட்கார்ந்துகொள்ளும்.
குறைவாக வாங்கியது கவனக்குறைவு.
கடிதம் கண்டபின் அழித்தால்
அதற்கு வேறு பெயர்.
மடியில் கனம் உண்டா என்றே இன்னும் பார்க்கவில்லை,
அதற்குள் வழியைக் கண்டு ஏன் பயம் என்றேன்.
ஜெர்மனில் அது அவ்வளவு நன்றாக வரவில்லை.

மாலையில் ஒரே வரி எழுதினோம்:
கிடைத்தது, படிக்கிறோம்.
மன்னிப்பு இல்லை, முறைப்பு இல்லை, எண்ணும் இல்லை.
இனி அவர்களோடு பேச ஒரே வாய்.
அது என் வாய் என்று முடிவானது
காபி இயந்திரத்தின் பக்கத்தில்,
என்னைக் கேட்காமல்.

ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் பக்கம்
கடுகைவிடச் சின்ன எழுத்து.
தணிக்கை செய்ய உரிமை உண்டு, ஆம்.
அவர்கள் அனுப்பிய நிரலை
நம் கணினிகளில் ஓடவிட வேண்டும் என்று
எங்கும் இல்லை.
வழக்கறிஞர் அந்த இடத்தில்
பென்சிலால் ஒரு கோடு போட்டார்.
கோட்டுக்கு இருநூற்று எண்பது யூரோ.
தகும்.

பிறகு எண்ணினேன்,
பட்டியலை நம்பாமல், காலால்.
கிடங்கு, வரவேற்பு மேசை,
காவலர் அறையில் சீட்டு விளையாட மட்டும்
எழுப்பப்படும் கிழட்டுப் பெட்டி.
எங்களுடையது முப்பத்தொன்று.
ரெம்ஷைடில் நாங்கள் விழுங்கிய சின்னக் கம்பெனி
பதினாறு உரிமங்களோடு வந்தது;
ரசீது இல்லை, ஆகவே வரவில்லை.

மூன்றாம் நாள், நிலவறையில்,
கிறிஸ்துமஸ் மரத்தைத் தாங்கும் இரும்புக் காலுக்கு அடியில்
ஒரு பச்சைக் கோப்பு.
ஈரத்தில் ஒட்டிய தாள்களை
ஹோல்ஷரே பிரித்தார்,
துருப்பிடித்த கீலைத் திறப்பதுபோல்.
அவருடைய கருப்புச் சட்டைக்கையில்
வெள்ளையாய் ஏதோ முடி.

நாற்பத்தேழு உரிமம்.
ஐம்பத்தொரு பயனர்.
ஐம்பத்தோராவது எக்கெஹார்ட்.

பிப்ரவரியில் இறந்தவர்.
கணக்கை மூட எவருக்கும் கை வரவில்லை.
வியாழன்தோறும் நாலரைக்கு
யாரும் பார்க்காத நினைவூட்டல்:
பூனைக்கு மருந்து.

"அவரையாவது எடு. இறந்தவருக்குமா காசு?"
ஒப்பந்தத்தில் பயனர் என்றால் பெயருள்ளவர்.
மூச்சைப் பற்றி அதில் பேச்சில்லை.
கடிதம் வந்த நாளில் அவர் இருந்தார்.
எடுத்தால் மூன்று, விட்டால் நான்கு.
ஜன்னலுக்கு வெளியே, ஆற்றின் மேல்,
தொங்குரயில் ஆடிக்கொண்டே போனது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் எங்கள் ஊரில்.
சொல்லவில்லை. மொழிபெயர்க்கச் சோம்பல்.
நான்கு என்று எழுதினேன்.

அவர்கள் இருபதில் தொடங்கினார்கள், அபராதத்தோடு.
பச்சைக் கோப்பின் நகல் போனது.
பதினோரு நாள் மௌனம்.
பிறகு நான்குக்கு விலை, அபராதம் இல்லை,
நட்பான வணக்கங்கள்.
காசு கட்டுவதற்கு முன்
"இத்துடன் முடிந்தது" என்று எழுதி வாங்கினோம்.
அதை மறக்கிறவர்களுக்கு
அடுத்த நவம்பரிலும் கடிதம் வரும்.

ஜனவரியில் எக்கெஹார்டின் கணக்கை மூடினேன்.
கணினி கேட்டது:
இவருடைய நினைவூட்டல்களை யாருக்கு மாற்ற?

பூனை இப்போது யாரிடம் என்று
அறையைப் பார்த்துக் கேட்டேன்.
ஹோல்ஷர், ரசீதிலிருந்து தலையைத் தூக்காமல்,
கையை மட்டும் தூக்கினார்.