நான்கு மீட்டர் இருபது

கம்பியை இறக்கினால்
முதல் மீட்டர் பேச்சுமூச்சில்லாமல் போகிறது.
இரண்டாவதில் ஏதோ வேர் உரசும்.
மூன்றில் தோள்பட்டை கேள்வி கேட்கும்.
நான்கு மீட்டர் இருபதில் டக்.
பனியாறு போட்டுவிட்டுப் போன களிமண்.
மூர்ஃபுட் மலைச்சரிவு, ஜூன் மாதம், எட்டு டிகிரி.
என் குறிப்பேட்டில்
எனக்கு முன்னால் மழை எழுதிவிட்டது.

இந்தச் சேற்றுக்குத் தமிழில்
முற்றா நிலக்கரி என்று பெயர்.
முற்றாமல் கிடப்பதுதான் அதன் முழுநேர வேலை.
வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்.
அப்படியானால் கம்பியின் நுனி இப்போது தொட்டது
நாலாயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய
ஒரு மழை நாளை.
அன்றும் இங்கே எட்டு டிகிரிதான் என்கிறாள் ரோனா.

ரோனா மண்வாரி இயந்திரம் ஓட்டுகிறவள்.
யாரோ ஒரு காலத்தில் ஆடுகளுக்காக வெட்டிய வடிகால்களை
ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறாள்,
நீர் நிற்க வேண்டும், நின்றால்தான் கரி உறங்கும்.
இன்று எத்தனை லிட்டர் டீசல் என்று கேட்டேன்.
நூற்றுப் பதினொன்று.
அதில் கொஞ்சம் என் ஹீட்டருக்கு, அதையும் போடு,
முழங்கால் வலி என்று அடிக்குறிப்பும் போடு.
போட்டேன்.
மேற்பார்வையாளர் சிவப்பில் வட்டமிட்டார்: இது தேவையா?
அதற்கும் கீழே, பெரிய எழுத்தில்:
உன் எல்லையை எங்கே வரைகிறாய்?

எங்கே வரைவது.
சென்னை, தோஹா, எடின்பரோ என்று வந்த விமானம்
எல்லைக்கு வெளியே.
மலைக்கு வரும் பேருந்து உள்ளே.
விசா அனுமதித்த இருபது மணி நேரத்தை
கோர்கி சாலைப் பெட்ரோல் பங்க்கில்
இரவில் விற்கிறேனே, அது?
ஒரு விடியலில் கல்லாச் சீட்டின் பின்பக்கம்
விற்ற லிட்டரைக் காரணியால் பெருக்கிப் பார்த்தேன்.
ஒரு ஹெக்டேர் சதுப்பு ஓராண்டு முழுக்க
மூச்சைப் பிடித்து விழுங்குவதை
நான் சில்லறையோடு கொடுத்து அனுப்பியிருக்கிறேன்,
நள்ளிரவுக்குள்ளேயே.
சீட்டைக் கசக்கினேன். பிறகு
நீவி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அத்தான் வில்வநாதன் போனில் சிரிக்கிறார்.
கறி மேலாண்மையா? ஆடா கோழியா?
பதினெட்டு லட்சம் கடனுக்கு
ஒரு பிரியாணிக் கடையே போட்டிருக்கலாமே.
சின்ன ர பெரிய ற என்று விளக்கப் போய்
அகராதியைத் திறந்தேன்.
கரி: அடுப்பில் எரிந்து மிஞ்சுவது.
கரி: யானை.
கரி: சாட்சி.
மூன்றாவதில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.
அத்தான் லைனில் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார்.

மறுநாள் உருவி எடுத்த மண்தூணில்
விரல் நீளத்துக்கு ஒரு நிறம்.
மேலே ஒரு மயிரிழைக் கறுப்பு,
தொழிற்சாலைப் புகைக்கூண்டுகளின் காலம்.
அடியில் பாசி, பாசி, ஒரு வண்டின் சிறகு,
இன்னும் பச்சை மினுங்கியபடி.
எதையும் மறைக்கவில்லை.
யாரும் இதுவரை கூப்பிட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட்.
நூற்று நான்கு பக்கம்.
நிகர ஈர்ப்பு, ஹெக்டேருக்கு ஒன்று புள்ளி மூன்று டன்.
பிழை வரம்பு, கூட்டல் கழித்தல் ஒன்று புள்ளி ஒன்பது.
இந்த நிலம் விழுங்குகிறதா உமிழ்கிறதா என்று
என்னால் சொல்ல முடியவில்லை.
அதையே முடிவுரையில்
நாகரிகமான நாலு வாக்கியமாக எழுதினேன்.
நல்ல நேர்மை, என்றார் மேற்பார்வையாளர்.
முழங்கால் அடிக்குறிப்பை நான் எடுக்கவில்லை,
அவரும் மறுபடி கேட்கவில்லை.

அன்றிரவும் ஷிஃப்ட்.
மூன்றாம் பம்ப்பில் ஒரு வெள்ளை வேன்.
கண்ணாடிக்கு அப்பால் எண்கள் ஓடுகின்றன,
தயக்கமே இல்லை,
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை
அத்தனை துல்லியமாக.