பதினேழாம் நம்பர்

டிக்கோயா ஆஸ்பத்திரியின் பின்னறையில்
எனக்கு நாற்பத்தொரு வீடுகள்.
ஒன்றிலும் கால் வைத்ததில்லை.

முன்பு லயத்துக்கே ஒரு மீட்டர்தான்.
இப்போது காம்பராவுக்கு ஒன்று,
அது என்னோடு பேசுகிறது.

பதினேழில் சவரிமுத்து, தனியாள்.
இருதயமும் சீனி வருத்தமும்.
நாலரைக்குக் கேத்தல் போடுவார்;
திரையில் கோடு குத்தென எழும்பி விழும்.
பிறகு சின்னதாய் ரேடியோ.

இன்று ஏழாகியும் கோடு எழவில்லை.
பதினெட்டில் மட்டும் கேத்தல்
வழமையைவிட நெடுநேரம் கொதித்திருந்தது.
அதை யார் பார்த்தார்!

போனை எடுக்கவில்லை.
அருள்நாயகியை மழைக்குள் ஓடவிட்டேன்.
காது முழுக்க அவள் செருப்புச் சத்தம்,
படிக்கட்டு, நாய், கதவு,
பிறகு ஒன்றுமில்லை.

"இருக்காரு மிஸ். பதினெட்டுல.
மச்சான்கூட உக்காந்து
சாயத் தண்ணி குடிக்கிறாரு.
கோவாப் பாத்திச் சண்டையில
பேச்சு நின்னு ஆறு வருசமாம்."

படிவம் காரணம் கேட்கிறது:
மின்தடை. பழுது. விழுந்தார். இறந்தார்.
'ஏனையவை'யை அழுத்தினேன்.
விரல் இன்னும் நடுங்கியது.

"சீனி போட்டா குடிக்கிறாரு?"

"அத மட்டும் கேக்காதீங்க மிஸ்."