பொருந்தாத வரி

டேட்டன் விமானப்படைத் தளத்தில்
ஜன்னலே இல்லாத கட்டடம் ஒன்று உண்டு.
கர்னல் ரெனிடா போல்காம்ப்
இருபத்தாறு வருடப் போரை
அதற்குள் இருந்துதான் நடத்தினார்.
எதிரி: பட்டியல்கள்.

துப்பாக்கியைத் தொடுவது
வருடத்துக்கு ஒருமுறை, தகுதித் தேர்வன்று.
சுமாராகத்தான் சுடுவார்.

ஒரு மறையாணிக்கு அப்போது ஒன்பது பெயர்.
கிடங்கில் ஒன்று, கொள்முதலில் ஒன்று,
பழுதுபார்க்கும் கையேட்டில் மூன்று.
கணக்குப் பிரிவுக்கோ
அது வெறும் பன்னிரண்டு சென்ட்.
ஜெர்மனியில் ஒரு சரக்கு விமானம்
அந்த ஆணி கிடைக்காமல்
பத்தொன்பது நாள் தரையில் நின்றதாம்.
அடுத்த கொட்டகையில் நாலாயிரம் ஆணி
வேறு பெயரில் தூங்கிக்கொண்டிருந்ததாம்.
எல்லாக் கூட்டத்திலும் இதைச் சொல்வார்.
நாலாயிரம் சில நாள் ஆறாயிரமாகும்.
நான் ஒருமுறையும் திருத்தவில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.
இங்கே காக்கைகளின் தோளில்
நட்சத்திரங்கள் வேறு இருந்தன.
"என் மென்பொருளை மட்டும் தொடாதே,
மற்றதையெல்லாம் இணைத்துக்கொள்."
நாற்பத்தொரு அலுவலகத்தில்
நாற்பத்தொரு முறை இதே வாக்கியம்.
இதையாவது ஒரே மாதிரி
சொல்கிறார்களே, என்பார்.

ஒரு திட்டம் செத்தும் போனது.
நாலு வருடம், எண்ணி மாளாத பணம்.
வாஷிங்டனில் நீண்ட மேசை முன் உட்காரவைத்துக் கேட்டார்கள்:
இணைந்ததா, இல்லையா?
"இணைந்தது, ஐயா.
இணைந்த பிறகுதான் தெரிந்தது,
இரண்டு கணக்குமே தப்பு."
திரும்பும்போது நெடுஞ்சாலை ஓரம்
காரை நிறுத்தச் சொல்லி
ஆறிப்போன மீன் சாண்ட்விச்சைத் தின்றார்.
சுற்றி வந்த காகிதத்தை நாலாக மடித்தார்.
பிறகு எட்டாகவும்.

கடைசி இணைப்பு ஆட்களுடையது.
ஏழு லட்சம் பதிவுகள்.
பிப்ரவரி இரவு, வெளியே உறைபனி மழை.
இரண்டரை மணிக்கு இயந்திரம் கக்கியது:
பொருந்தாத வரிகள் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே வந்தோம்.
நூற்றெண்பதைத் தாண்டி எங்கோ
அவரே வந்தார், மூன்று ஆளாக.

ரெனிடா போல்காம்ப், லெப்டினன்ட். மணமாகாதவர்.
ரெனிடா லாட்டிமர், கேப்டன். மணமானவர்.
சார்ந்தோர்: ஒன்று. ஆண். பதினோரு மாதம்.
ரெனிடா போல்காம்ப், கர்னல்.
சார்ந்தோர்: இல்லை.

பதின்மூன்று வருடம் பக்கத்து மேசை.
எனக்குத் தெரியாது.

விதி அவர் எழுதியதுதான்:
முரண்பட்டால் புதியது நிற்கும்,
பழையது அழியும்.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.
காபி இயந்திரம் ஒருமுறை உறுமி அடங்கியது.
முதலையும் மூன்றையும் சேர், என்றார்.
சேர்த்தேன்.
நடுவில் இருப்பது?
"அது இருக்கட்டும்."
அடுத்த வரிக்குப் போகச் சொல்லிக் கையசைத்தார்.
அடுத்தவர் ஒரு சமையல்காரர்.
பிறந்த நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன.

மே மாதம் ஓய்வு பெற்றார்.
கேக்கில் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.
"நாலாவது ஆளும் வந்தாச்சு" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமல்.
கத்தியை என்னிடம் நீட்டினார்.

மாதக் கடைசியில் அறிக்கை என்னிடம் வருகிறது.
புதிதாகச் சேர்ந்த ப்ராடி எட்டிப் பார்த்து,
ஒன்றே ஒன்று நிற்கிறதே,
முடித்துவிடவா, என்கிறான்.
கெட்டிக்காரப் பையன். ஒரு நிமிட வேலை.
தெரிந்த பிழை, என்கிறேன்.
குறிப்புக் கட்டத்திலும் அதையே எழுதுகிறேன்,
மூன்று வருடமாக.
அந்த வரி மட்டும் திரையில்
மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருக்கும்.
மினுங்கலை நிறுத்த ஒரு வழி உண்டாம்.
நான் கற்றுக்கொள்ளவில்லை.