இடது, வலது

இதழின் நடுவில் மடித்து வைத்த தாள்.
விரித்தால் மேசை போதவில்லை.
சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு,
கோட்டின்மேல் கோடு ஏறி ஓடுகிறது.
என்னுடையது பச்சை. அளவு நாற்பத்து நான்கு.
மெல்லிய காகிதத்தை மேலே வைத்து
பென்சிலால் பின்தொடர்ந்து போனேன்.
லியெபாயாவில் இருபத்திரண்டு வருடமாக டிராம் ஓட்டுகிறேன்,
தடம் மாறாமல் போவது பழக்கம்தான்.

வெட்டி எடுத்தால் பாதி ஆள்.
பாதி முதுகு, பாதிக் கழுத்து, ஒரே ஒரு தோள்.
'துணியின் மடிப்பில் வைத்து வெட்டவும்.'
மற்றப் பாதியும் இப்படியேதான் இருக்கும் என்று
யார் சொன்னார்கள் இவர்களிடம்?

நல்ல துணி அலமாரியில் இருந்தது,
சாம்பல் கம்பளி, மீட்டர் இருபத்தெட்டு யூரோ.
அதைத் தொடப் பயந்து
பழைய படுக்கை விரிப்பில் முதலில் தைத்துப் பார்த்தேன்.
கண்ணாடியில், வலது தோளிலிருந்து ஒரு சுருக்கம்
குறுக்கே இறங்கி அக்குளுக்குள் போனது.
சுருக்கத்துக்குப் பொய் தெரியாது,
தவறு இருக்கும் பக்கம் விரல் நீட்டும்.
பின்பக்கம் என்ன ஆகிறது என்று
திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நானே அதைக் கலைத்தேன்.
தன் முதுகில் தானே குண்டூசி குத்த முடியாது.

கீழ்வீட்டு ஸ்கைத்ரீதேயோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை.
மாடிப்படிக்கு அடியில் அவள் நிறுத்தும் சைக்கிள்.
நான் ஒரு சீட்டு ஒட்டினேன்,
அதற்குக் கீழே அவள் ஒரு சீட்டு ஒட்டினாள்,
கட்டடமே நின்று படித்தது.
ஆனால் படகுப் பாய் தைக்கும் பட்டறையில் இருந்தவள்.
காற்றுக்கே அளவெடுத்த கை.
படுக்கை விரிப்போடு போய்க் கதவைத் தட்டினேன்.
மேலும் கீழும் பார்த்தாள்.
"உள்ள வா, குளிர் வருது."

வாயில் ஏழெட்டுக் குண்டூசிகள்.
ஊசி கவ்விய வாயால் சண்டை போட முடியாது.
'ம்' என்றால் திரும்பு. 'ம்ம்' என்றால் அசையாதே.
சில்லென்ற விரல்கள் என் கழுத்தடியில் தொடங்கி
இடப்பக்கம் சமமாகப் போயின,
வலப்பக்கம் இறங்கின, இன்னும் இறங்கின.
கடைசி ஊசியும் போன பிறகு முதல் பேச்சு:
"ஒன்றரை சென்டிமீட்டர். எந்தக் கையால லீவர் பிடிக்கிற?"

அன்றிரவே மற்றப் பாதியையும் வரைந்தேன்.
ஒன்றில் இடது என்று எழுதினேன், ஒன்றில் வலது.
மடிப்பு இருந்த இடத்தில் இனி ஒரு தையல்,
அதற்கும் இடம் விட்டேன்.
வலது தோள்முனையை ஒன்றரை இறக்கி
கைக்குழியையும் அதே அளவு இறக்கினேன்
(இதை மறந்தவர்கள் கை தூக்க மாட்டார்கள்).
பிறகு முதுகுத் தாளைக் குறுக்கே கத்தரித்தேன்,
கைக்குழி ஓரத்தில் ஒரு நூல் மிச்சம் வைத்து.
கீல் வைத்த கதவாய் அது
நடு முதுகில் ஒரு சென்டிமீட்டர் திறந்தது.
குனிந்து ஓட்டிய வருடங்களுக்கு
அவ்வளவு போதுமாக இருந்தது.
திறந்த இடத்துக்கு அடியில் ஒட்டக் கிடைத்தது
பழைய நேர அட்டவணை:
ஆறு பதினான்கு, ஆறு இருபத்தொன்பது,
கிழிந்துபோன ஆறு நாற்ப...

நவம்பரில் கோட்டு முடிந்தது.
ஹேங்கரில் மாட்டினால் கோணல்,
யாரோ ஒரு கையைப் பிடித்து இழுப்பதுபோல.
என்மேல் நேராக நிற்கிறது.

இன்று விடிவதற்குமுன் இறங்கினேன்.
சைக்கிள் அதே இடத்தில்.
இரண்டாவது பொத்தான் ஹேண்டில்பாரில் சிக்கிக்கொண்டது.
இழுத்தால் நூல் போய்விடும்,
இருட்டில் நின்று மெல்ல விடுவித்தேன்.
முன்கூடையில் ஒரு பை. உள்ளே பழுப்பு நிறப் பாவாடை,
அதன்மேல் குத்தியிருந்த சீட்டு:
'இடது இடுப்பு. எவ்வளவு என்று நீ பார்.'