இரண்டாம் கூடு

காலை பத்துக்கு முன்னமே இரண்டு டிலக்சன், ஒரு கஜானிகா,
பிறகு எண்கணிதக்காரர் கூட்டிக் கழித்துக் கொடுத்த,
ஷ் மூன்று கிடக்கிற ஒரு பெயர்.
அதை எழுதி முடிக்க என் பேனை இரண்டு தரம் மூச்செடுத்தது.

அடுத்தது தவசீலன்.
உழவு மெசின் கிறீஸ் நகத்துக்குள் காயாமல் இருந்தது.
ஆஸ்பத்திரித் துண்டை நீட்டினான்.
பின்னால் குடைக்குள் மனிசியும் பிள்ளையும்.

பெயர்?
அலைகரை.
விலாசம் பிறகு சொல்லலாம், முதலில் பெயர் என்றேன்.
பெயர்தான் சேர். அலைகரை.

துணுக்காய்ப் பக்கம் இந்தச் சொல்லை
நாங்கள் வழக்குக்குத்தான் எடுப்போம்.
அலைகரைக்குள் உழுந்து போட்டவர்,
அலைகரைக்குள் கம்பிவேலி அடித்தவர்,
நீர்ப்பாசனத் திணைக்களம் கடிதம் போடும்.
குளம் நிறைந்தால் அலை ஏறுகிற நிலம்,
வற்றினால் மாடு மேய்கிற நிலம்.
வரைபடத்தில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை,
புள்ளி புள்ளியாய் ஒரு கோடு.

அதையோ பொம்பிளைப் பிள்ளைக்கு?
கார்த்திகை நட்சத்திரம், அ-வில் தொடங்கச் சொன்னவராம் சாத்திரியார்.
அகல்யா வையும், அபிநயா வையும்
என்று நானும் ஒரு சாத்திரியானேன்.
மேசை லாச்சியில் பெயர்ப் புத்தகம் இருக்கிறது,
ஆறாயிரம் பெயர், அர்த்தத்தோடு.
விரல் வைத்து இறங்கினேன்.
அலமேலு, அலர்மதி, அல்லி.
நடுவில் ஒருத்தியும் இல்லை.

குடை மடங்கியது.
"சேருக்கு என்னைத் தெரியாது.
எனக்குச் சேரைத் தெரியும்.
ஓ.எல். சோதினைக்கு அடையாள அட்டை எடுக்க
நடமாடும் சேவைக்கு அம்மாவோட வந்தனான்.
முதலாம் கூட்டில, பிறந்த இடத்தில,
அம்மா சொன்னதை எழுதிப்போட்டு
பிறகு வெட்டினீங்கள்."

தொண்ணூற்றாறு ஆவணி.
கிளிநொச்சி முழுக்க நடந்து வந்து சேர்ந்த நேரம்.
மேட்டு மரத்தடிகளை முதல் வந்தவர்கள் பிடித்துவிட
மிச்சம் இருந்தது வவுனிக்குளத்தின் உள்பக்கம்.
வெடித்த சேற்றில் உரப்பை விரித்து
மருதுக்கும் தண்ணிக்கும் நடுவில் இவள் பிறந்தாள்.
மார்கழியில் அந்த இடத்துக்கு மேலே
இரண்டாள் தண்ணி. ஜப்பான் மீன் ஓடித் திரிந்தது.

வீட்டு இலக்கம் இல்லை, வீதி இல்லை,
கிராம அலுவலர் பிரிவு குளத்துக்குள் இறங்குவதில்லை.
வெட்டியிருப்பேன்.
ஞாபகம் இருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன்,
அன்றைக்கு வரிசையில் நூற்றுச் சொச்சம் பேர்.
மல்லாவி என்று எழுதி முத்திரை குத்தியிருப்பேன்.
மல்லாவி சுகமான சொல்,
கொம்பியூட்டர் அதோடு சண்டை பிடிக்காது.

"இடமா எழுத ஏலாதெண்டால்
பெயரா எழுதுங்கோ.
பெயருக்குச் சட்டம் இல்லைத்தானே."

இல்லைத்தான்.
எழுதினேன். தவசீலன் அலைகரை.
இணைக்கொம்பு இரண்டையும்
கொஞ்சம் பெரிதாகவே போட்டேன் என்று நினைக்கிறேன்.
பிள்ளை நித்திரை.

அடுத்த கிழமை கச்சேரியில் இருந்து ஒரு பெட்டை எடுத்தாள்.
"சேர், உது இடத்தின்ரை பெயரெல்லோ?
முதலாம் கூடும் இரண்டாம் கூடும் மாறிப்போச்சோ?"
இப்ப மாறேல்லை பிள்ளை, என்று சொன்னேன்.
முந்தித்தான் மாறினது.
அவளுக்கு விளங்கவில்லை. மாவட்டத்தில் தேடிப் பார்த்துச் சொன்னாள்:
இந்தப் பெயரில் ஒரே ஒரு ஆள்.

அந்த மாரி நல்ல மாரி. வான் பாய்ந்தது.
தவசீலனின் உழுந்தும் போனது, கம்பியும் போனது,
அபராதத்துக்கு வந்தவர்கள் அளக்க நிலம் இல்லாமல் திரும்பினார்கள்.

தையில் பாண்டியன்குளத்தில் இருந்து ஒருத்தர் வந்தார்,
ஆம்பிளைப் பிள்ளை.
ஆஸ்பத்திரியில் இவர்களுக்குப் பக்கத்துக் கட்டிலாம்.
பெயரைக் கடுதாசியில் எழுதியே கொண்டுவந்திருந்தார்:
அலைகரையன்.
அர்த்தம் தெரியுமோ என்று கேட்டேன்.

"தெரியாது சேர்.
ராவிரவா அழுதுகொண்டிருந்தவன்.
அப்பிடிக் கூப்பிட்டுப் பார்த்தனாங்கள்,
நிப்பாட்டிப்போட்டு முழிச்சுப் பார்த்தவன்."