நாற்பத்தெட்டு மூட்டை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம்
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி
சாரம் எழும்பியிருக்கிறது.
எட்டு அடுக்கு. பதினாறு கால்.
ஸ்பேனரால் ஒவ்வொரு கிளாம்பாகத் தட்டிக்கொண்டு போகிறேன்.
இறுகியது ணங் என்கிறது.
இறுகாதது
தொண்டை கட்டியவன் மாதிரி பேசுகிறது.
கடற்காற்று தின்றவை ஏழு.
சாக்பீசால் பெருக்கல் குறி போட்டேன்.

கணக்கு இது:
பன்னிரண்டு ஆள், ஆளுக்கு எண்பது கிலோ.
பெயின்ட் டின், கழுவும் பம்பு, சில்லறைச் சாமான்
இருநூற்று நாற்பது.
கூட்டி, இரண்டால் பெருக்கினால்
ஐம்பது கிலோ மணல் மூட்டை நாற்பத்தெட்டு.
ஓர் இரவும் ஒரு பகலும் மேலேயே இருக்க வேண்டும்.

"எண்பது கிலோவா?"
தேசப்பன் சிரிக்கிறான்.
"எங்க கும்பல்லயே குண்டு இந்த பல்ராம்தான்.
அவனே அறுவத்தி ரெண்டு.
மூட்டைய வுடு மேடம், நாங்க ஏறி நின்னு காட்றோம்.
ஆடுச்சின்னா எறங்கிக்கிறோம்."

எறங்கிக்கிறோம்.
அந்த ஒரு சொல்லுக்காகத்தான்
மணலுக்கு வண்டி சொன்னேன்.

கப்பியில் ஏறின மூட்டைகள்
ரேஷன் கடை வரிசை போல
பலகையில் உட்கார்ந்துகொண்டன.
தேசப்பன் பேர் வைத்தான்:
இது பல்ராம், இது நம்ம காதர் பாய்,
இது காண்ட்ராக்டர், அத்த ஓரமா தள்ளு,
இது மேடம்.
மேடத்துக்கு ரெண்டு மூட்டை வையி என்றது யாரோ.
காதில் விழாத மாதிரி
ரசமட்டத்தைப் பார்த்தேன்.

இரவில்
துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள்
நின்று நின்று நகர்கின்றன.
நகரும்போதெல்லாம் டீ கிளாசில் வட்டம்.

மூட்டைக்குப் பயமில்லை.
மூட்டைக்கு வீட்டிலிருந்து போன் வராது,
சட்டென்று திரும்பாது.
தும்மாது.
கீழே போகிற தெரிந்தவனைக் கூப்பிட்டுக்
கையாட்டாது.
இரண்டால் பெருக்குவது இதற்கெல்லாம் சேர்த்துத்தான்.
ஆனால் எந்தப் படிவத்திலும் தும்மலுக்குக் கட்டம் இல்லை.

விடிந்தபோது பதினோராவது கால்
இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.
மேலே செம்மண். ஒரு சாண் தோண்டினால்
அனல்மின் நிலையத்துச் சாம்பல்,
சலித்த மாவு மாதிரி.
எப்போதோ பள்ளத்தை மூடக் கொட்டியது.
தூக்குக்குண்டு நேராகத்தான் தொங்கியது.
கம்பம் அதைவிட்டு விலகியிருந்தது.

சிவப்பு அட்டை கட்டினேன்.

சிவப்பு என்றால் வேலை இல்லை.
வேலை இல்லையென்றால் கூலி இல்லை.
பல்ராம் டப்பாவைத் திறந்து
மதியச் சோற்றை ஏழரை மணிக்கே தின்றான்.
தேசப்பன் என்னிடம் பேசவில்லை,
கம்பத்திடம் பேசினான்:
"ரெண்டு வெரலுக்கு எண்ணூத்தம்பது ரூபா."
எனக்கு மாதச் சம்பளம்.
அது அவனுக்கும் தெரியும்.

சாம்பலை வெட்டியெடுத்து, ஜல்லி கொட்டி,
திமிசு அடித்து, அகலப் பலகை போட்டு
மறுபடி நாற்பத்தெட்டு.
மறுபடி இரவு. லாரி. வட்டம்.

தொட்டி இருக்கும், புது நீலத்தில்,
திறந்து வைத்தவர் பேரைச் சுமந்துகொண்டு.
இது மூன்று வாரத்தில் கழன்று
குழாய் குழாயாக வண்டியில் கிடக்கும்.
இப்படிப் பிரித்துப் போடுவதற்குப் போய்
சாரம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.
தூக்கம் வராதவளுக்கு
யோசிக்க இது போதும்.

காலை ஆறு நாற்பது. அசைவில்லை.
பச்சை அட்டை. கையெழுத்து: ப. ரோஸ்லின்.

மூட்டைகள் இறங்கின. ஒவ்வொன்றும் இருந்த இடத்தில்
ஈரச் சதுரம்.
தேசப்பன் அட்டையைப் படித்தான்.
படித்துவிட்டு,
முதல் பலகையைக் குதிகாலால்
ஓங்கி ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான்
ஏறினான்.
நானாக இருந்தாலும் உதைத்திருப்பேன்.

எட்டாவது அடுக்கில் யாருக்கோ போன் அடிக்கிறது.
நான் அண்ணாந்து பார்க்கவில்லை.
குனிந்து
பதினோராவது காலைப் பார்க்கிறேன்.