இரண்டாவது காய்

கார்த்திகை வெள்ளம் வரம்பு தாண்டிய இரவில்
நான் உம்மோடு பேரம் பேசினேன்.
முழங்கால் தண்ணீர்.
டோர்ச் வெளிச்சத்தில் பூசணிக் கொடிகள்
அவிழ்த்தெறிந்த கயிறுகளாய் மிதந்தன.
ஒன்றையாவது விட்டுவையும் ஆண்டவரே,
முதற்காய் உமக்கு, என்றேன்.
கேட்டது நீரும்
நனைந்துபோய் நின்ற நாயும்தான்.

ஒன்றை விட்டுவைத்தீர்.
நான் நட்டதை அல்ல.
வேலியோரம், பழைய மாட்டுக்கொட்டில் இடிந்த மேட்டில்
எறிந்த குப்பையிலிருந்து தானாக முளைத்ததை.

அதன் முதற்காய் பதினாலு கிலோ.
தராசில் இருந்து இறக்கும்போது
பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் சாய்த்துக்கொண்டேன்.
சங்கானைச் சந்தையில் அன்றைக்குக் கிலோ இருநூற்றைம்பது.
கூட்டுறவுச் சங்கத்தில் பதினெட்டு வருடம் காசாளராய் இருந்தவள் நான்.
பெருக்கிப் பார்க்கப் பேப்பர் தேவையில்லை.

ஞாயிறு விடிய
முதற்காயைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிச்
சாக்கால் மூடினேன்.
இரண்டாவதைப் பிடுங்கினேன்.
இரண்டு கிலோ வராது, ஒரு பக்கம் வெளிறல்.
காம்பில் சிவப்பு ரிபன் கட்டினேன்,
கொஞ்சம் அழகாகவே.

பண்டத்தரிப்புக் கோயிலில் அறுவடைத் திருநாள்.
பீடத்தடியில் இராசவள்ளிக் கிழங்கு, இதரைக்குலை,
பிரம்புக் கூடையில் முட்டை.
கால் கட்டிய சேவலொன்று
ஜெபத்துக்கு நடுவில் கூவியது.
எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு முகம் சுட்டது.
காணியை விற்றுப் பாதியை ஒளித்த
அந்தப் புருஷனும் பெண்சாதியும் நினைவில் வந்தார்கள்.
பெயர்கள் வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஆராதனை முடிய ஏலம்.
சின்னதில் தொடங்குவது ஜெயசீலன் மாஸ்ரரின் வழக்கம்.
ரிபனில் பிடித்து என் காயைத் தூக்கினார்.
"நூறு" என்றது ஒரு குரல், இரக்கத்தில்.
"ஐந்நூறு."
பின்வாங்கில் செல்வதாசன்.
கொங்கிறீற் குழைக்கிற ஆள்.
மழை நாட்களில் சீனியும் கடனுக்கு வாங்குகிற ஆள்.
"ஆயிரம்" என்றார்.
வேறு யாரும் கேட்கவே இல்லை.
"ஆயிரத்து ஐந்நூறு."
தன்னோடு தானே போட்டி.
மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றினார்.
ஒருதரம். இரண்டுதரம்.

செல்வதாசன் எழும்பி நின்றார்.
"ரோசலினுக்கு ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது.
ஏலத்தில முதல் வாற பண்டத்தை
கையில இருக்கிற முழுக் காசுக்கும் எடுப்பன் எண்டு
ஆஸ்பத்திரி வாசல்ல சொன்னனான்.
எது வந்தாலும்."

எது வந்தாலும்.
வந்தது என்னுடையது.
அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்,
நற்கருணை வாங்குவதுபோல.
நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினேன்.
அப்போது யாரும் பாடவில்லை.

அடுத்த நாள் பின்னேரம்
பதினாலு கிலோவைச் சைக்கிள் கரியரில் கட்டி
உருட்டிக்கொண்டே போனேன்.
முற்றத்துக் கதிரையில் ரோசலின்,
வயிற்றில் கை வைத்தபடி.
"உதென்ன அக்கா, இவ்வளவு பெரிசு?"
இது என்னுடையதில்லை, என்று சொல்லத்தான் போனேன்.
"கூடக் காய்ச்சுப்போச்சு" என்றது வாய்.
திருத்தப் பார்த்தேன்.
அதற்குள் அவள் மெல்ல எழும்பிப் போய்
ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தாள்.
"வெறுங்கையோட போகக்கூடாது."

கொடுக்கப் போனவள்
வாங்கிக்கொண்டு வந்தேன் ஆண்டவரே.
எந்தப் பக்கத்தில் பதிவது இதை?
வரவிலா?
எத்தனை முறை கூட்டினாலும்
நான் கடன்காரியாகவே வருகிறேன்.
நீர் வட்டி கேட்டு ஒருநாளும் கடிதம் போட்டதில்லை.

கொடியில் இன்னும் ஒரு பூ இருக்கிறது.
அதைப்பற்றிப் பேரம் பேச மாட்டேன்.

இரவு முருங்கைக்காய்க் கறி.
சாப்பிட்டு, விளக்கை அணைக்கு முன்
சாக்கை எடுத்து உதறினேன்.
காய் இருந்த இடத்தில்
வட்டமாய் ஒரு ஈரம்.
நீர் ஒன்றும் கேட்கவில்லை.
நானாகத்தான்
டோர்ச்சை எடுத்து, முழந்தாளிட்டு,
கட்டிலுக்குக் கீழே
மூலை வரைக்கும் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறேன்.